பாதி முத்திரையில் நின்ற ஊர்

இன்று காலை மாட்டுங்கா தபாலாபீஸ் ஜன்னலில் நின்று ஒரு புதுத் தபால்தலை வாங்கினேன். மூன்றரை அணாத் தலை. அதில் ராஜா முகம் இல்லை. நம் கொடி பறக்கிறது, நாகரி எழுத்தில் ஜெய் ஹிந்த் என்று போட்டிருக்கிறது. எனக்குப் பின்னால் வரிசை நிற்பதையும் மறந்து, அதைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோனேன். புதுக் கோந்தின் இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை. ஜன்னலுக்குள் இருந்தவர் பார்த்துவிட்டு, "என்ன ஓய், ஸ்டாம்பா, மூக்குப்பொடியா?" என்றார். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். வாயைத் திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும். நாற்பதைத் தாண்டிய கோணி வியாபாரி தபாலாபீஸில் நின்று அழுவது நன்றாக இருக்காது.

புதுத் தலையை முகர்ந்து பார்ப்பது உம்முடைய பழக்கம். எங்கே அச்சடித்தது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வீர். ஒரு தடவையாவது சரியாகச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நீர் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது என்று உமக்குத் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உம்முடைய கடைசிக் கடுதாசிக்கு நான் வேண்டுமென்று பதில் போடாமல் இருக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு கண்ணை மூடினீர் என்பதுதான் என்னை அரிக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது பம்பாய்க் கோட்டைப் பக்கத்து நடைபாதையில். மழை விட்ட ஒரு சாயங்காலம். போரி முஸ்லிம் கிழவர் ஒருவர் பலகையில் தபால்தலைகளைக் குத்தி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. தாராவியில் சொந்தமாகக் கிடங்கு போட்டு, மாட்டுங்காவில் குடித்தனமும் வைத்தாகிவிட்டது. சின்ன வயதில் தூத்துக்குடியில் கப்பலில் வரும் கொழும்புக் கடுதாசிகளின் தலைகளை ஒரு பிஸ்கோத்து டப்பாவில் சேர்த்தவன் நான். பதினோரு வயதில் சாக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததோடு அது நின்றுபோயிற்று. டப்பா எங்கே போனதென்றே தெரியாது. இருபத்தைந்து வருஷம் கழித்து, அந்தப் பலகையில் அதே இலங்கைத் தலையைக் கண்டதும் கால் நகரவில்லை. கிழவரோடு பேரம் பேசி ஏறக்குறைய முடித்துவிட்டேன். அப்போது தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"வே, அத வாங்காதீரும். மேல் ஓரத்துல ரெண்டு பல்லு இல்ல."

பம்பாய்க் கோட்டையில் அந்தப் பேச்சைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். ஒல்லியான ஆள். சட்டை தொளதொளவென்று தொங்கியது, வேறு யாருக்கோ தைத்தது போல.

"ஊரு?" என்றேன்.

"பாளையங்கோட்ட. பேச்சுல தெரியலயாக்கும்?"

"இங்க எப்ப வந்தீரு?"

"ரங்கூன்ல இருந்து நடந்து வந்தேன்."

"எங்க, கோட்டைக்கா?"

"இல்லவே, இந்தியாவுக்கு."

சொல்லிவிட்டு நீரே சிரித்தீர். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனில் ஓர் அரிசி மில் ஆபீஸில் கணக்கராக இருந்தீர் என்பதும், இருபது வருஷமாகச் சேர்த்த ஏழு ஆல்பங்களை வாடகை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் காடும் மலையுமாக நடந்தீர் என்பதும் அன்றைக்கே, கிங்ஸ் சர்க்கிளில் காப்பி குடித்தபோது தெரிந்தது.

"ஒரு தலையாவது எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"அரிசி எடுத்துட்டு வந்தேன். தலையத் திங்க முடியுமாவே?"

பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத ஆள் நீர். ராணுவச் சரக்கு டிப்போ ஒன்றில் குமாஸ்தா வேலை, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மெஸ்ஸில் மாடியறை. அங்கே மேஜைமேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் மொத்தம் பதினோரு தலைகள். ஏழு ஆல்பத்தைப் பறிகொடுத்த நீர் பதினோரு தலையை என்னிடம் காட்டியபோது உம் முகத்தில் இருந்த களிப்பை நான் புதுப் பணக்காரர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

நான் என் டப்பாவில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கப்போவதாகச் சொன்னேன். நீர் கையை வீசி மறுத்தீர். "அந்த டப்பா இனி நெறயாதுவே. எத்தன வாங்கிப் போட்டாலும் கொறையாத்தான் தெரியும். புதுசா ஒண்ணு ஆரம்பியும். ஒமக்கு இப்ப எது பிடிக்குதோ அத."

எனக்கு எது பிடிக்கும்? யோசித்துப் பார்த்தால் எனக்குச் சரக்குதான் பிடிக்கும். அப்படித்தான் மூட்டையில் கட்டக்கூடிய சரக்குப் படம் போட்ட தலைகளாகச் சேர்க்க ஆரம்பித்தேன். தேயிலை பறிப்பது, நெல் வயல், தென்னை. அது ஓர் ஆல்பம் ஆனதும், "இப்ப இன்னொண்ணு" என்றீர். அடுத்தது சுமை. பாரம் தூக்குகிற எதுவாக இருந்தாலும் சரி. மாட்டு வண்டி, கப்பல், யானை, லாரி. என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "வாரம் முழுக்கக் கோணியோட பொரளுதீய. ஞாயித்துக்கெழமயும் மூட்டப் படந்தானா?" என்பாள். நீர் அவளுக்குப் பரிந்து பேசுவது போல, "மதினி சொல்லுறதும் சரிதான், ஆனா இந்த யானையப் பாருங்க" என்று படத்தை நீட்டுவீர். அவளும் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உமக்கு ஆச்சரியம் காட்ட நினைத்து, முத்திரை விழுந்த தலைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கருப்பு மை மங்கும்வரை கழுவிக் கொண்டுவந்தேன். எங்கள் தொழிலில் அதுதான் முதல் வேலை. வாங்குகிற சாக்கு ஒவ்வொன்றிலும் பழைய முதலாளி பெயரும் ஊரும் மையால் குத்தியிருக்கும். உதறித் தைத்து, உள்பக்கத்தை வெளியே புரட்டிவிட்டால் அந்தப் பெயர் உள்ளே போய்விடும். சாக்கு புதுசு போல நிற்கும். தலைக்கும் அதே வைத்தியம் செய்தேன். நீர் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தீர். அப்புறம் சிரிப்பு அடங்கி, "அது கறை இல்லவே. அந்தக் கடுதாசி எந்த ஊர்ல பொறப்பட்டுதுங்கறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி" என்றீர். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு முத்திரைமேல் கை வைத்ததில்லை. ஆனால் கவரை நாம் இரண்டு பேருமே மதிக்கவில்லை. ஈரத்துணியைத் தலைமேல் போட்டு ஊறவைத்து, தலையை உரித்துக்கொள்வோம். அதோடு கவரின் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

என் சுமை ஆல்பத்தில் ஒட்டகம் மட்டும் அகப்படவில்லை. தபால் மூட்டையோடு ஒட்டகம் நடக்கிற அந்த மூன்றரை அணாத் தலை. யுத்தம் முற்றியதும் தபாலாபீஸ்களில் அது வராமலே போயிற்று. டிப்போக்காரர்கள் உம்மை வடக்கே மாற்றினார்கள். தாதர் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் வழியே, "ஒட்டகம் ஆப்ட்டா அனுப்புதேன்! அதுவரைக்கும் கழுதை ஏதாவது ஒட்டி வையும்!" என்று கத்தினீர். பக்கத்தில் நின்ற மராட்டிக் கிழவி நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து விலகிப் போனாள். உம் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அப்புறம் ஆறேழு மாதம், ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இரண்டு மூன்று கார்டு போட்டீர். பிறகு ஒரு காலை, கிடங்கில் லாரி ஏற்றிக்கொண்டிருந்த நேரம், தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். அதன் மூலையில் ஒட்டகம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடுதாசியை உருவி, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்தேன். ஈரத்துணி போட்டேன். ஒட்டகம் பழுதில்லாமல் உரிந்து வந்தது. யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காத அருமை உமக்குத் தெரியும், ஊரே வந்த கவரைப் புரட்டி ஒட்டி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. கோணிக்காரன் கைக்கு அதைச் சொல்லியா தரவேண்டும்? பேச்சு லாரிக்காரர்களோடு இருந்தது, கை தன் பாட்டுக்குக் கவரைப் பிரித்து, உள்ளை வெளியாக்கி, கோந்து தடவியது. கொச்சியில் ஒரு சாக்கு வாடிக்கையாளருக்கு அன்றைய விலையை எழுதி அதில் போட்டு, பெட்டியிலும் சேர்த்துவிட்டேன்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்து உம் கடுதாசியைப் பிரித்தேன். ஊர் எழுத வேண்டிய இடத்தில், கட்டில் நம்பர் பதினேழு என்று குறும்பாக எழுதியிருந்தீர்.

"முதலாளி, ஒட்டகம் வந்து சேர்ந்ததா? ரங்கூன் காட்டில் நனைந்தது இப்போது நெஞ்சில் வேலையைக் காட்டுகிறது. ஒரு தடவை வந்துவிட்டுப் போம். சுமை ஆல்பத்தையும் எடுத்து வாரும். ஒட்டகம் அதில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டும். வர முடியாவிட்டால் ஒரு வரியாவது போடும். மேலே எழுத மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி ரப்பர் ஸ்டாம்பைக் கவரின் முதுகில் குத்தச் சொல்லியிருக்கிறேன், அதுதான் விலாசம்."

சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடினேன். தாராவித் தபாலாபீஸில், "தைலா நிகல் கயா, சேட்" என்று கையை விரித்தார்கள். பை போய்விட்டது. அங்கிருந்து தாதருக்கு ஓடினேன். தபால் பிரிக்கிற இடத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். "அண்ணாச்சி, நீங்களே எழுதுன கடுதாசியானாலும் பெட்டில போட்டாச்சுன்னா அது சர்க்கார் சொத்து. எடுத்துத் தர எனக்கு அதிகாரம் கெடயாது" என்றார். "அதிகாரம் இருந்தாலும் கடுதாசி எங்க இருக்கு, ரயில்ல ஏறியாச்சு." உம்முடைய விலாசம் என் கையால் உள்பக்கம் புரண்டு, என் கையால் ஒட்டப்பட்டு, கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கொச்சிக்குத் தந்தி கொடுத்தேன். கவரை எறியாதீர்கள், அப்படியே திருப்பி அனுப்புங்கள் என்று. இப்போது நினைத்தால் சிரிப்புக்கூட வருகிறது. அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விலைக் கடுதாசி அனுப்பிய வியாபாரி கவரை மட்டும் கேட்கிறான் என்றால் இதில் என்னமோ உள்விவகாரம் இருக்கிறது, தேதியை மறைத்து ஒப்பந்தத்தை மறுக்கப் பார்க்கிறான் என்று எண்ணி வாயே திறக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். மறுபடி தந்தி, மறுபடி மௌனம். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. கடுதாசி பத்திரமாக இருக்கிறது, கவரை அன்றைக்கே அடுப்புக்குப் போட்டுவிட்டோம், தாங்கள் எதை உத்தேசித்துக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை.

இந்தப் பன்னிரண்டு நாளைத்தான் நான் உம்மிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். டிப்போவில் போய்க் கேட்டேன். உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டுவிட்டார், எங்கே போனாரோ தெரியாது என்றார்கள். மெஸ்ஸில் கேட்டேன். அதற்குமேல் நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. ஒட்டகத்தின்மேல் உம்முடைய ஊர் முத்திரை பாதி விழுந்திருந்தது. வட்டத்தின் மறுபாதி கவரோடு போயிற்று. தலையில் நின்றது மூன்றே எழுத்து: பி, யூ, ஆர். ஏதோ ஒரு பூர். அதை முதல் நாளே பார்த்தேன். பார்த்தும், கொச்சியிலிருந்து முழு விலாசம் வரப்போகிறது, அதற்குள் ஊகத்தை நம்பி ஏன் ஊர் ஊராக எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன். கைக்கு வரப்போகிற சரக்கை நம்பி, எதிரே இருப்பதை விடுகிறவன் அல்ல நான். கடையில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. உம் விஷயத்தில் செய்தேன்.

பதின்மூன்றாம் நாள் ரயில்வே கால அட்டவணையைப் பிரித்துவைத்து உட்கார்ந்தேன். நாக்பூர், ராய்ப்பூர், பிலாஸ்பூர் என்று பெரியதும் சின்னதுமாகப் பதினான்கு பூர்களைப் பொறுக்கினேன். பதினான்கு கவர் எழுதினேன். எல்லாவற்றிலும் உம் பெயர், பெரிய ஆஸ்பத்திரி, கட்டில் நம்பர் பதினேழு, ஊர். உள்ளே பதினான்கிலும் ஒரே வாசகம். பின்புறம், ஆள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பவும் என்று என் விலாசம். என் வீட்டுக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்து கவர்களை ஒட்டிக் கொடுத்தாள்.

ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இப்படி ஒருவர் இங்கே இல்லை. இப்படி ஒருவர் இல்லை. ஒவ்வொரு கவர் வரும்போதும், நல்லது, இன்னும் இத்தனை ஊர் பாக்கி இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பத்தாவதாக வந்ததில் சிவப்பு மையில் வேறு மாதிரி எழுதியிருந்தது. இங்கிலீஷில் ஒரே வார்த்தை. எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். இருந்தும் அந்த வார்த்தை தெரிந்திருந்தது. காலமானவர் என்று அர்த்தம்.

அன்றே கிளம்பி அந்த ஊருக்குப் போனேன். நாக்பூருக்கும் அப்பால், சின்ன ஊர். பேரை எழுத மனசு வரவில்லை. கம்பவுண்டர் இந்தியில் கேட்டார், "நீங்கள்தானா அந்தப் பம்பாய்க்காரர்?" ஆமாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குமுன் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் கவர் வருவதற்கு நாலு நாள் முன்னால் நீர் போய்விட்டீராம். அந்தப் பன்னிரண்டு நாளை விட்டிருக்காவிட்டால் அது உம் கையில் கிடைத்திருக்கும்.

தபால்காரர் வராந்தாவில் ஏறும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி, "பம்பாய் சே குச் ஆயா?" என்று கேட்பீராம். தினமும். பம்பாயிலிருந்து ஏதாவது வந்ததா என்று. "கடைசி அஞ்சு நாள் கேட்கவில்லை" என்றார் கம்பவுண்டர். மூச்சுத் திணறலினால் கேட்கவில்லையா, இல்லை, இனி வராது என்று முடிவு செய்துவிட்டாரா என்று கேட்டேன். "தெரியாது, சேட்" என்றார். நேர்மையான மனிதர். பொய்யாகவாவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

உம்முடைய நோட்டைக் கேட்டேன். க்ஷய நோய்க்காரர்களின் துணிமணி, காகிதம் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவதுதான் வழக்கமாம். ரங்கூனில் ஏழு, இங்கே ஒன்று. கட்டில் நம்பர் பதினேழில் அப்போது வேறொருவர் படுத்திருந்தார். கையில் என் சுமை ஆல்பம் இருந்தது. நீர் கேட்டீர் என்று எடுத்துப் போயிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், வராந்தா பெஞ்சில் மடிமேல் வைத்துக்கொண்டு வண்டி நேரம்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் தலை எதையும் தொடவில்லை. கிடங்குக்கு வந்த பழைய காகிதக் கட்டு ஒன்றில், திருப்பி அனுப்பப்பட்ட கவர் ஒன்று கிடந்தது. கராச்சிக்கு யாரோ எழுதியது. ஆள் வீடு மாறிவிட்டார் என்று குறித்திருந்தது. அதை எறிய முடியவில்லை. அன்றைக்கு இன்னொரு சேகரத்தை ஆரம்பித்தேன். போய்ச் சேராமல் திரும்பிய கடுதாசிகள். தலையை உரிப்பதில்லை, கவரை மடிப்பதுகூட இல்லை, முழுசாக அப்படியே வைக்கிறேன். கோட்டைப் பக்கம் தலை விற்கிறவர்கள், "இதையெல்லாம் யார் வாங்குவான்?" என்று சிரிக்கிறார்கள். யாரும் வாங்க வேண்டாம். இந்த வருஷம் இரண்டு தேசமானதில் இப்படிப்பட்ட கவர்கள் நிறைய வருகின்றன. ஒவ்வொன்றையும் ஒட்டும்போது, இதை எழுதியவனுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும், அதைச் சொல்ல அவனுக்கு வாய்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஆல்பத்தில் முதல் பக்கம் உம்முடையது. மற்றப் பதின்மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன், என் எழுத்தையே படித்துவிட்டேன். சிவப்பு மை போட்ட அந்த ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது உமக்கு வந்த கடுதாசி. அதைப் பிரிக்க எனக்கு உரிமை இல்லை.